வயிறு பருத்த பெட்டகத்தின் இழுப்பறைகள்

பக்கச் சுவர்கள் நேராக இறங்காமல், பாதி உயரத்துக்குக் கீழே வெளியே பருத்து, அடியில் மீண்டும் ஒடுங்கும் மரப் பெட்டகத்துக்கு ஐரோப்பாவில் ‘பொம்பே’ என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அதற்குப் பருத்தது என்று பொருள். மும்பை நகரத்தோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ், வெனிஸ், ஆம்ஸ்டர்டாம், லண்டன், பாஸ்டன் நகரங்களில் செல்வர் வீடுகளுக்காக இத்தகைய பெட்டகங்கள் செய்யப்பட்டன. இன்று அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் வெளி வளைவைப் பார்த்து வியக்கிறார்கள். தச்சு வேலை தெரிந்தவரோ ஓர் இழுப்பறையை வெளியே இழுத்து அதன் பக்கப்பலகையைத்தான் பார்ப்பார். வளைவைச் செதுக்க மரமும் பொறுமையும் இருந்தால் போதும். அந்த வளைவுக்குள் இழுப்பறை சிக்காமல் ஓட வேண்டுமானால் கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கின் அடிப்படை எளிது. இழுப்பறை பின்னிருந்து முன்னாகப் போகிறது. ஆகவே அந்தத் திசையில் மட்டும் இரண்டு சுவர்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். மேலிருந்து கீழாக அவை எப்படி வளைந்தாலும் தடையில்லை. பெட்டகத்தை முன்முகத்துக்கு இணையாக எந்த ஆழத்தில் குறுக்கே அறுத்தாலும் ஒரே வடிவம் கிடைக்குமானால், அதே வடிவம் கொண்ட இழுப்பறை உள்ளே தாராளமாக ஓடும். பாஸ்டன் பெட்டகங்கள் இந்த வகை. பாரிஸ் பெட்டகங்கள் பலவற்றில் பக்கச் சுவர் மேல்கீழாக மட்டுமல்லாமல் முன்பின்னாகவும் வளையும். ஆழத்தின் நடுவே பருத்து, முன்மூலையை நெருங்கும்போது ஒடுங்கும். அங்கே சுவரை ஒட்டிய இழுப்பறை செய்தால் அது வாயிலேயே மாட்டிக்கொள்ளும். அதனால் உள்ளே நேரான பெட்டியைத்தான் வைக்க முடிந்தது. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள இடம் வீண். பாரிஸ் செல்வர்களுக்கு அது ஒரு குறையாகப் பட்டதாகத் தெரியவில்லை.

பிரான்சில் இழுப்பறைப் பெட்டகம் பெயர் பெற்றது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அரசவைத் தச்சர் ஆந்த்ரே ஷார்ல் பூல் 1708, 1709 ஆண்டுகளில் பதினான்காம் லூயியின் திரியானோன் மாளிகைக்கு இரண்டு பெட்டகங்களைச் செய்து கொடுத்தார். அவரை அடுத்து வந்த ஷார்ல் கிரெஸாந் சிற்பியும்கூட. உடல் முழுவதையும் அலைபோல ஓடவிட்டு, மூலைகளில் வெண்கல உருவங்களைப் பதித்தார். அந்த வெண்கலத்தைத் தன் பட்டறையிலேயே வார்த்ததற்காக வார்ப்புக்காரர் சங்கம் அவர்மேல் வழக்குப் போட்டது. ஒரு தொழிலுக்கு உரியதை இன்னொரு தொழிலார் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடு பாரிஸில் அவ்வளவு இறுக்கமாக இருந்தது. பதினைந்தாம் லூயியின் வெர்சாய் படுக்கையறைக்காக அந்துவான் ரொபேர் கோத்ரோ 1739இல் முடித்த பெட்டகம் இன்று லண்டன் வாலஸ் சேகரிப்பில் இருக்கிறது. ழாக் காஃபியரி வார்த்த வெண்கலக் கொடிகள் அதன் முகம் முழுக்கப் படர்ந்திருப்பதால் இழுப்பறைகளின் விளிம்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

பாரிஸ் முறையில் வளைவு முழுமரத்தில் வெட்டியது அல்ல. ஓக் அல்லது பைன் துண்டுகளை அடுக்கி வச்சிரப் பசையால் ஒட்டி, மேடுபள்ளத்தை இழைத்து ஒரு கூட்டை உருவாக்குவார்கள். அதன்மேல் விலையுயர்ந்த மரத்தின் மெல்லிய ஏட்டைச் சூடான பசை தடவிப் படிய வைப்பார்கள். வளைந்த பரப்பில் ஏடு எழும்பாமல் இருக்கச் சூடாக்கிய மணல் மூட்டைகளை அதன்மேல் அழுத்துவது வழக்கம். கூடு பல துண்டுகளால் ஆனது என்பதால் ஒரு பெரிய பலகையைப் போல அது மொத்தமாகச் சுருங்கி விரியாது. மெல்லிய ஏடு வெடித்தால் அந்த இடத்தை மட்டும் மாற்றலாம். இவை இந்த முறையின் நல்ல பக்கங்கள். ஈரமும் வெப்பமும் மாறி மாறி வரும் நாடுகளில் பசை விட்டுப்போவது கெட்ட பக்கம். விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சிய பசை மழைக்கால ஈரத்தில் இளகும்.

இங்கிலாந்தில் தாமஸ் சிப்பெண்டேல் 1754இல் வெளியிட்ட மாதிரிப் படங்களின் தொகுப்பில் பிரெஞ்சுப் பெட்டகங்களுக்குத் தனி இடம் இருந்தது. அதற்கு முன்பே ஆங்கிலப் பெட்டகங்கள் அமெரிக்கக் குடியேற்றங்களுக்குக் கப்பலேறியிருந்தன. பாஸ்டன் வணிகர் சார்ல்ஸ் ஆப்தார்ப் வைத்திருந்த பருத்த வயிற்று ஆங்கிலப் பெட்டகம் இன்று அந்நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதுபோன்ற இறக்குமதிகளைப் பார்த்துத்தான் பாஸ்டன் தச்சர்கள் இந்த வடிவத்தைக் கற்றிருக்க வேண்டும். கற்றவர்கள் அதை அப்படியே நகலெடுக்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து தடித்த மஹோகனிப் பலகைகள் அவர்களுக்குக் கிடைத்தன. எனவே ஏடு ஒட்டும் வேலையை விட்டுவிட்டு, பக்கச் சுவரை ஒரே தடித்த பலகையிலிருந்து செதுக்கினார்கள். சுவர் 2 அங்குலம் வெளியே பருக்க வேண்டும், முடிந்த தடிமன் 1 அங்குலம் இருக்க வேண்டும் என்றால் 3 அங்குலப் பலகை தேவை. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சீவலாகிப் போகும். வீட்டுக்காரரின் செல்வத்துக்கு அந்தச் சீவலும் ஒரு சாட்சிதான்.

இங்கேதான் இழுப்பறையின் வரலாறு தெளிவாகப் படிகிறது. காலம் குறிக்கப்பட்ட முதல் பாஸ்டன் பகுதிப் படைப்பு, சார்ல்ஸ்டவுன் தச்சர் பெஞ்சமின் ஃபிராதிங்கம் 1753இல் கையெழுத்திட்ட எழுதுமேசை அலமாரி. அதன் வெளிச்சுவர் வளைந்திருந்தும் இழுப்பறைகளின் பக்கப்பலகைகள் செங்குத்தாகவே நிற்கின்றன. அடுத்த தலைமுறையில் சுவரின் உட்புறமும் குடையப்பட்டது. இழுப்பறையின் பக்கமும் அந்தக் குடைவைப் பின்பற்றி வளைந்தது. ஜான் காக்ஸ்வெல் 1782இல் செய்து, தன் பெயரையும் தெருவையும் ஆண்டையும் எழுதி வைத்த இரட்டை அடுக்குப் பெட்டகம் அந்த முறையின் உச்சம். அதைச் செய்வித்தது டெர்பி வணிகக் குடும்பம். அவர்கள் ஊரின் பெயர் சேலம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் அந்தச் சேலத்திலிருந்து சில ஆண்டுகளுக்குள் டெர்பியின் கப்பல்கள் இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தன. தருமபுரி தாலுகாவை நெடுங்காலம் உள்ளடக்கியிருந்த நம் சேலத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை.

வளைந்த பக்கம் கொண்ட இழுப்பறையைச் செய்வது முழு அளவு வரைபடத்தில் தொடங்குகிறது. பெட்டகத்தின் முன்முகத்தை உண்மை அளவில் ஒரு பலகைமேல் வரைந்து, சுவரின் உள்வளைவுக்கு மெல்லிய மரத்தில் அச்சு வெட்ட வேண்டும். இழுப்பறைகளைப் பிரிக்கும் குறுக்குச் சட்டங்கள் எந்த உயரத்தில் வருகின்றனவோ அந்த இடங்களில் அச்சைக் குறித்தால், ஒவ்வோர் இழுப்பறைக்கும் மேல் அகலம், கீழ் அகலம், நடு அகலம் மூன்றும் தெரிந்துவிடும். நேரான பெட்டகத்தில் ஒரே அளவை எல்லா இழுப்பறைக்கும் வைத்துக்கொள்ளலாம். இதில் ஒன்றின் பலகை இன்னொன்றுக்குப் பொருந்தாது. மேலே உள்ளவை ஏறக்குறைய நேராக இருக்கும். பருமனுக்கு மேலுள்ளது கீழே விரியும். பருமனுக்குக் கீழுள்ளது கீழே ஒடுங்கும்.

முன்பலகையும் வெளியே பருப்பதால் அதைத் தடித்த மரத்தில் எடுக்கிறார்கள். மூலையில் புறாவால் இணைப்பை வெட்டிப் பொருத்திப் பார்த்த பிறகே வெளிமுகத்தைச் செதுக்க வேண்டும். பலகை சதுரமாக இருக்கும்போதுதான் மூலைமட்டத்தை வைக்க இடம் இருக்கும். வளைத்த பிறகு எந்தக் கோட்டையும் நம்ப முடியாது. பக்கப்பலகை சாய்ந்து நிற்பதால் புறாவாலின் கோடுகளும் சாயும். இணைப்பின் ஒவ்வொரு பல்லும் பலகையின் விளிம்புக்குச் செங்கோணமாக இராமல், இழுப்பறையின் அடிமட்டத்துக்கு இணையாக ஓட வேண்டும். அப்படி இல்லையென்றால் பல்லின் ஓரத்தில் மரநார் குறுக்கே வெட்டுப்பட்டு, முதல் சில ஆண்டுகளிலேயே உடைந்துவிடும். பக்கத்தை உண்மையான வில்லாக வளைப்பதற்குப் பதில் நேர்ப்பலகையைச் சாய்த்து நிறுத்தியதோடு நின்றவர்களும் உண்டு. சுவர் வில்லாகவும் இழுப்பறை நாணாகவும் இருக்கும். நடுவில் சிறு வெளி விழும். முழு வளைவு தேவைப்பட்டால் பக்கப்பலகையையும் தடித்த மரத்தில் அறுத்து, அடிப்புறம் வளைந்த சிறு இழைப்புளியால் உள்ளும் புறமும் இழைக்க வேண்டும். ஒரு மேசை முழுவதையும் செய்யும் நேரத்தை அப்படியோர் இழுப்பறை விழுங்கிவிடும் என்பதால் நாண் முறையை யாரும் குறை சொல்லவில்லை.

தேய்மானம் என்ற இன்னொரு சிக்கல் படத்தில் தெரியாது, பத்து இருபது ஆண்டுகள் கழித்தே தெரியும். இழுப்பறை உட்கார்ந்து ஓடும் தாங்குசட்டம் தேயத் தேய இழுப்பறை கீழே இறங்குகிறது. நேரான பெட்டகத்தில் மேலே ஒரு சந்து விழும், அவ்வளவுதான். பருமனுக்குக் கீழே உள்ள இழுப்பறை அடியில் ஒடுங்கியது. அது இறங்கும்போது ஆப்பு போலச் சுவர்களுக்கு நடுவே இறுகும். சுவர் செங்குத்திலிருந்து 20 பாகை சாய்ந்திருந்தால், 2 மில்லிமீட்டர் தேய்மானம் ஒவ்வொரு பக்கத்திலும் அரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளியை விழுங்கிவிடும். பருமனுக்கு மேலுள்ள இழுப்பறையில் நேர்மாறாக, தேயத் தேய ஆட்டம் கூடும். எனவே கீழ் இழுப்பறைக்குத் தொடக்கத்திலேயே தாராளமாகவும், மேல் இழுப்பறைக்குச் சற்று இறுக்கமாகவும் இடம் விட்டவர் எதிர்காலத்தை நினைத்து வேலை செய்தவர். தாங்குசட்டத்தையும் சுவரோடு முழு நீளத்துக்கு ஒட்டிவிடக்கூடாது. சுவரின் நார் மேல்கீழாக ஓடுகிறது. சட்டத்தின் நார் முன்பின்னாக ஓடுகிறது. சுவர் சுருங்கும்போது சட்டம் விட்டுக்கொடுக்காது, சுவர்தான் பிளக்கும். முன்முனையை மட்டும் ஒட்டி, பின்முனையைக் காடியில் தளர்வாக விடுவதே வழி.

இந்த வடிவம் ஆசியக் கடற்கரைகளுக்கு வந்தது கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கப்பல்களில். சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்கள் 1610இல் பழவேற்காட்டில் கால் வைத்தார்கள். 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பறித்து, 1690இல் அதைத் தலைமையிடமாக்கி, 1781இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். இலங்கையில் காலி 1640இலும் கொழும்பு 1656இலும் யாழ்ப்பாணம் 1658இலும் அவர்கள் கைக்கு வந்தன. இந்த ஊர்களின் தச்சர்கள் ஐரோப்பிய மாதிரியை வாங்கி, உள்ளூர் மரத்திலும் உள்ளூர் அணிவேலையிலும் செய்து கொடுத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் இக்கரையில் செதுக்கிய கருங்காலி நாற்காலிகள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, அடுத்த நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் போன்ற ரசிகர்களால் பழைய ஆங்கில வேலை என்று வாங்கப்பட்டன. தன் நாட்டுப் பாரம்பரியம் என்று நம்பி ஓர் ஆங்கிலப் பிரபு தமிழ், தெலுங்குத் தச்சர்களின் செதுக்கலைப் பெருமையோடு வீட்டில் வைத்திருந்தது, கைவினை வரலாறு எழுதுகிறவர்களுக்கு நல்ல எச்சரிக்கை. மேலே கதவும் கீழே பருத்த இழுப்பறைகளும் கொண்ட டச்சு அலமாரி 18ஆம் நூற்றாண்டில் நன்னம்பிக்கை முனைவரை பரவிய வடிவம். இலங்கையில் டச்சு வீடுகளுக்கு முதிரை, கருங்காலி, பலா மரங்களில் அலமாரிகளும் பித்தளைப் பட்டை போட்ட பெட்டகங்களும் செய்யப்பட்டன. கொழும்புக்குத் தெற்கே மொரட்டுவை தச்சர் ஊராகப் பெயர் பெற்றது இந்த மரபின் தொடர்ச்சியில்தான்.

கடற்கரையை விட்டு உள்ளே வந்தால் காட்சி வேறு. தருமபுரி வட்டாரம், அன்றைய பாராமகால், 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கம்பெனிக்கு மாறியது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் 1799 வரை இங்கே நிலத்தை அளந்து, வரி விதித்து, ஏடுகளைக் குவித்தார்கள். பின்னர் சேலம் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி 1965இல் தனி மாவட்டமானது. 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. துறைமுகமும் கப்பல் வணிகரும் இல்லாத இடத்தில் பாரிஸ் வடிவத்துக்கு வாடிக்கையாளர் கிடையாது. வீட்டில் பொருள் வைக்க மூடி போட்ட பெட்டகம், சுவர் மாடம், பரண், உறி, அடுக்குப்பானை ஆகியவை போதுமாக இருந்தன. கேழ்வரகும் நெல்லும் குதிரில் இருந்தன. வளைந்த பக்கம் கொண்ட கொள்கலன் இங்கே இல்லாமலும் இல்லை. குதிரும் கூடையும் ஒகேனக்கல் பரிசலும் வளைந்தவைதான். ஆனால் அவற்றைச் செய்தது மண்ணாலும் மூங்கிலாலும். எதுவுமே முன்பக்கம் இழுத்துத் திறக்கப்படுவது அல்ல.

இழுப்பறைக்கு மிக அருகில் வந்த உள்நாட்டுப் பொருள் கடைக்காரரின் கல்லாப்பெட்டி. சரிந்த மூடியைத் தூக்கினால் நாணயத்துக்குக் குழிந்த கிண்ணங்கள், சீட்டுக்குத் தட்டு, ஓரத்தில் சின்ன இழுப்பறை, சிலவற்றில் ஒரு பலகையை நகர்த்தினால் மட்டுமே தெரியும் மறைவு அறை. புளி மண்டிகளும் வாரச் சந்தைகளும் நிறைந்த ஊர்களில் இந்தப் பெட்டி தச்சருக்கு நிலையான வேலை. மூடி சரிந்திருந்தாலும் உள்ளே ஓடும் அறை நேராகத்தான் இருக்கும். பெட்டியின் வெளிக்கோட்டையும் இழுப்பறையின் கோட்டையும் பிரித்துவிடுவது என்ற ஃபிராதிங்கம் முறையை, அவரைக் கேள்விப்படாமலேயே, எல்லா ஊர்த் தச்சர்களும் கண்டுகொண்டிருந்தார்கள்.

வளைவு வெட்டத் தெரியாதவர்கள் அல்லர் இவர்கள். வண்டிச் சக்கரத்தின் வட்டையை ஒவ்வொரு துண்டாக வளைத்து அறுத்து, ஆரக்காலைக் குடத்தில் இறக்குவது எந்தப் பெட்டகத்துக்கும் குறையாத கணக்கு வேலை. தேரின் அடிப்பாகம் கீழே ஒடுங்கி, அடுக்கடுக்காக வெளியே தள்ளிக்கொண்டு மேலேறும். அந்தக் குறுக்கு வடிவம் பொம்பேயின் கீழ்ப்பாதிதான். தருமபுரி குமாரசாமிப்பேட்டை சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலில் தைப்பூசத்துக்குப் பெண்கள் வடம் பிடித்து இழுப்பதும் அப்படியொரு தேரைத்தான். தேரின் இணைப்புகள் ஆட்டத்துக்கு இடம் கொடுத்தே செய்யப்படுகின்றன. இறுக்கிச் செய்தால் தெருவின் முதல் திருப்பத்திலேயே விரிசல் விடும். இழுப்பறை கேட்பது வேறு வகைக் கைத்திறன்: மெல்லிய பலகை, நெருக்கமான பொருத்தம்.

மரமும் ஒரு காரணம். பென்னாகரம் பக்கம் காவிரியை ஒட்டிய வறண்ட காடுகளில் ஆச்சா மரம் நிறைய உண்டு. இந்திய மரங்களில் மிகக் கனமானவற்றுள் ஒன்று. கம்பத்துக்கும் வண்டிக்கும் அது நின்று உழைக்கும். அதை மெல்லியதாக இழைக்கப் போனால் உளியின் வாய்தான் மழுங்கும். சந்தனம் சித்தேரி மலையில் விளைந்தது. துண்டுகள் சிறியவை என்பதால் பெட்டிக்குப் போதும், பெட்டகத்துக்குப் போதாது. வறண்ட காட்டுத் தேக்கு பருமன் குறைந்தது. 3 அங்குலத் தடிமனில் அகலப் பலகை எடுப்பது அரிது. வேங்கை பலமானது, ஆனால் நனைந்தால் சாயம் விட்டுத் துணியைக் கறையாக்கும். துணி வைக்கும் இழுப்பறைக்கு அது ஏற்றதல்ல. டச்சு அலமாரிகளில் பொன்னிறமாக மின்னும் முதிரை, தமிழ்நாட்டில் பொரசு எனப்படும் மரம்தான். தருமபுரி, சேலம் குன்றுகளிலும் அது வளர்கிறது. இங்கே பெரும்பாலும் கலப்பைக்கும் வண்டிக்கும் போயிற்று.

தட்பவெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். தேக்கு குறைவாகச் சுருங்கும் மரம்: பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்வரை ஆண்டு வளையத்தின் போக்கில் சுமார் 5 விழுக்காடு, அதற்குக் குறுக்கே அதில் பாதி. அப்படியிருந்தும் சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவே 8 அங்குல உயரமுள்ள பக்கப்பலகை 2 மில்லிமீட்டர் வரை உயரம் மாறக்கூடும். மழைக்காலத்தில் இறுகிய இழுப்பறையை உடனே இழைத்துவிடுகிறவர் கோடையில் அது கடகடவென்று ஆடுவதைப் பார்ப்பார். நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் பொருத்திய பெட்டகத்தைத் தருமபுரிக்குக் கொண்டுவந்தால் முதல் கோடையிலேயே சந்து விழும்; ஒட்டிய ஏடு இருந்தால் ஓரங்கள் எழும்பும். வளைந்த இழுப்பறைக்கு இதில் கூடுதல் தொல்லை உண்டு. பலகையின் உயரம் கூடும்போது வளைவின் மிகப் பருத்த புள்ளியும் சற்று மேலே நகர்கிறது; சுவரிலுள்ள புள்ளியோ நகர்வதில்லை, ஏனென்றால் சுவரின் நார் செங்குத்தாக ஓடுகிறது, நாரின் நீளத்தில் மரம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஆகவே அச்சை அப்படியே படியெடுத்த இழுப்பறை மழைக்காலத்தில் சிக்கும். உலர்ந்த மாதத்தில் செய்கிறவர் பருமனுக்கு எதிரே சற்றுக் கூடுதலாக இழைத்து, ஓடும் விளிம்புகளில் மெழுகு தேய்த்துவிட வேண்டும்.

இன்று ஒட்டுப்பலகையை வளைத்துப் பருத்த உடலைச் செய்வது எளிதாகிவிட்டது. உட்புறத்தில் ஒரு பக்கம் நெருக்கமாக வாளால் கீறிய பலகை ஆவியோ நீரோ இல்லாமலே வளையும். கணினியால் இயங்கும் செதுக்கு இயந்திரம் முழுமரத்தையும் வரைந்தபடி குடையும். தருமபுரிப் பட்டறைகளிலும் இழுப்பறை இப்போது எஃகுச் சேனலில்தான் ஓடுகிறது. சேனலுக்கு இரு பக்கமும் அரை அங்குல வெளியும், அதைத் திருகி மாட்டச் செங்குத்தான பரப்பும் வேண்டும். அதனால் வளைந்த சுவரின் உட்புறத்தில் நேரான கட்டையை ஏற்றி, அதில் சேனலைப் பொருத்தி, நடுவே சதுரப் பெட்டியை ஓடவிடுகிறார்கள். வளைவு முன்பலகையின் விளிம்பில் மட்டும் தொடர்கிறது. சுவரைத் தழுவிய இழுப்பறை வேண்டுமென்று கேட்பவருக்குச் சேனலை விட்டுவிட்டு, தாங்குசட்டத்தின்மேல் மரத்தோடு மரம் உரசி ஓடும் பழைய முறையில்தான் செய்து தர முடியும்.